கோபுரம் வரை நடத்திப் பார்த்தார்கள்

மருதுபாண்டியின் சட்டைப்பையில் அன்றைக்கு இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று வெற்றிலைப் பொட்டலம். மற்றது, மகள் மதுமதிக்கு மூச்சிழுப்பு வந்தால் வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சுகிற நீலநிறப் பம்பு. பம்பு அடியில், பொட்டலம் மேலே. யார் எட்டிப் பார்த்தாலும் வெற்றிலைதான் தெரியும்.

விடியக் கருக்கலில் திருப்புல்லாணி விலக்கில் வேனுக்குக் காத்து நிற்கும்போது, அவரே மகளின் கைப்பையைத் திறந்து எடுத்துக்கொண்ட பம்பு அது.

"மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைக கூட வாராக. சீப்பைக் குடு, பவுடரைக் குடுன்னு பையில கையை விடுவாக. என்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

"நடுவழியில வந்துருச்சுன்னா, அய்யா?"

"கண்ணைக் காட்டு. ஒதுங்கப் போற மாதிரி அப்பிடிப் போ. நான் எதையாச்சும் சாக்குச் சொல்லிட்டுப் பின்னாடியே வந்து தாரேன். ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வந்துரு. ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

மதுமதி அவருடைய சட்டைப்பையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "மறந்துறாதீக" என்றாள்.

இதில் மருதுபாண்டியின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. அறுப்புக் காலத்தில் களத்துத் தூசி பட்டால் வரும். பனிக்காற்று பட்டால் வரும். பம்பை இரண்டு தடவை இழுத்தால் அடங்கிவிடும். முதலில் பெண் கேட்டு வந்த வீட்டாரிடம் இதை ஒளிக்காமல்தான் சொன்னார். "கலந்து பேசித் தகவல் சொல்றோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். இரண்டாவதாக வந்தவர்களிடமும் சொன்னார். அவர்கள் காப்பி டம்ளரைக் கீழே வைத்த கையோடு எழுந்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஊரில் ஆளாளுக்கு, "என்ன மருது, பொண்ணை வீட்டோட வச்சுக்கிறப் போறியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். டீக்கடைக்குப் போவதையே அவர் விட்டுவிட்டார். மூன்றாவது வீட்டாரிடம் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

அந்த மூன்றாவது வீடு வாலிநோக்கத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். விவசாயம் பார்க்கிற சம்சாரி வீடு. மாப்பிள்ளை காளிதாஸ் மேற்கு மலையில் வனக்காவலர். அரசாங்க வேலை. மாப்பிள்ளையின் தாயார் ராமலட்சுமிதான் போனில் அந்த யோசனையைச் சொன்னாள்.

"வீட்டுல வந்து கேசரி தின்னுட்டுப் போறதுல என்னண்ணே தெரியப் போகுது? தம்பி வேலை பார்க்குற மலைக்கே ஒரு நா எல்லாருமாப் போயிட்டு வருவோம். மேல ஏதோ பழைய தீக்கோபுரம் இருக்காம். காலையில ஏறிட்டுச் சாயங்காலம் எறங்கிறலாம்ங்கான். பிள்ளைக ரெண்டும் பேசிக்கிட்ட மாதிரியும் ஆச்சு."

மருதுபாண்டி சரி என்றுவிட்டார். மூட்டுவலியால் வீட்டோடு இருந்துவிட்ட அவர் மனைவி முருகலட்சுமி, "மலையா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டாள்.

மலையடிவாரத்தில் காளிதாஸ் காத்துக்கொண்டிருந்தான். காக்கிச் சட்டை, கையில் ஒரு கழி. சிரித்த முகம். மருதுபாண்டிக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. உச்சியில் கடுகு மாதிரித் தெரிந்த ஒன்றைக் கழியால் சுட்டிக் காட்டினான்.

"அதுதான் மாமா தீக்கோபுரம். வெள்ளைக்காரன் காலத்துல கட்டினது. கோடை பூராம் மேல ஒரு ஆளு உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்பானாம். எங்கயாச்சும் புகை தெரிஞ்சா மணியடிப்பானாம். இப்ப எல்லாம் போன்ல வந்துருது. அது சும்மா கெடக்கு."

"அம்புட்டு உசரத்துக்கா?" என்றார் மருதுபாண்டி. கண்மாய்க்கரைக்கு மேல் உயரமான எதிலும் அவர் ஏறியதில்லை.

"எங்க தம்பிக்கு வாக்கப்பட்டா உப்பு வாங்கவே மலை எறங்கணும், தெரியும்ல?" என்று மதுமதியின் தோளில் இடித்தாள் பானுப்பிரியா. காளிதாஸின் அக்கா. "இப்பவே பழகிக்க. அப்புறம் தூக்கிட்டுப் போறதுக்கு டோலி கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன் மதினி" என்று மதுமதி சிரித்தாள்.

வரிசையை ராமலட்சுமிதான் வகுத்தாள். அவள் ஒல்லியான பெண்பிள்ளை, காலில் செருப்பில்லை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். "தம்பி வழிகாட்டிக்கிட்டு முன்னால போகட்டும். அடுத்தாப்புல மது போகட்டும், கூட பானு. நானும் அண்ணனும் பின்னால மெதுவா வாரோம்."

ஆனால் அவள் மெதுவாக வரவில்லை. மதுமதியின் முதுகுக்கு நாலடி பின்னால், அந்த இடைவெளி கூடாமல் குறையாமல் நடந்தாள். மருதுபாண்டியைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

முதல் மேடு ஏறியதும், "ஆத்தா மது, இந்தத் தண்ணிக் கேனைக் கொஞ்சம் பிடி. எனக்குக் கை கடுக்கு" என்று கேனைக் கொடுத்தாள். மதுமதி வாங்கிக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும், "பேசாம நடந்தா மலை ஏறாது. ஒங்க பள்ளிக்கூடத்துல என்ன பாடம் எடுக்குறே, சொல்லிக்கிட்டே நட" என்றாள்.

"கணக்கு... அத்தை. ஆறு, ஏழு... எட்டாவதுக்கும் நான்தான்."

"பிள்ளைக எம்புட்டு?"

"நாப்பது... இருக்கும்."

"ஹெட்மாஸ்டரு யாரு? எந்த ஊருக்காரரு?"

கேள்வி நிற்கவே இல்லை. ஒவ்வொரு பதிலும் முந்தின பதிலைவிடச் சின்னதாகிக்கொண்டே வந்தது. மருதுபாண்டிக்கு நெற்றியில் குப்பென்று வேர்த்தது.

அவருக்கு இது தெரியும். மாட்டுச் சந்தையில் பாதி ஊருக்கு உழவுமாடு பிடித்துக் கொடுத்தவர் அவர். மாட்டை முன்னால் விட்டுவிட்டு ஆள் பின்னால் போக வேண்டும். வெறும் நடை நடத்தினால் எந்த மாடும் நல்ல மாடுதான். அதனால் வண்டியில் பாரம் ஏற்றி, ஒரு சக்கரத்தைக் கயிற்றால் கட்டி, ஆற்று மணலில் இழுக்கவிட வேண்டும். இழுத்து முடித்ததும் விலாவைப் பார்க்க வேண்டும். விலா அடங்குகிறதா, அடித்துக்கொண்டே இருக்கிறதா. விற்கிறவன் அந்த நேரத்தில் என்னென்னவோ பேச்சுக் கொடுப்பான். காதில் வாங்கக் கூடாது. ராமலட்சுமி எதையும் காதில் வாங்கவில்லை. அவள் கண் மதுமதியின் விலாவில் இருந்தது.

ஓடை வந்தது. தண்ணீர் இல்லை, பாறைகள்தான். உட்கார்ந்தார்கள். மதுமதி அய்யாவைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணைக் காட்டினாள். பிறகு எழுந்து, "இங்கன ஒதுங்கிட்டு வந்துருறேன்" என்று புதர்ப்பக்கம் போனாள்.

மருதுபாண்டியும் எழுந்தார். "வெத்தலையைத் துப்பிட்டு வாரேன்."

"எங்கண்ணே போறீக? பொம்பளப்பிள்ள ஒதுங்கப் போன பக்கமா?" ராமலட்சுமி அவர் வேட்டி நுனியைப் பிடிக்காத குறைதான். "இங்கனயே துப்புங்க, யாரு பார்க்கப் போறா. ஏ பானு, காட்டுல தனியா விடக் கூடாது, நீ போயித் தொணைக்கு நில்லு."

மருதுபாண்டி நின்ற இடத்திலேயே துப்பினார். வாயில் வெற்றிலையே இல்லை. வெறும் எச்சில்தான் விழுந்தது. ராமலட்சுமி அதையும் பார்த்தாள்.

இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். "எம்மா, அது ஒதுங்கவே இல்ல. சும்மா மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு" என்றாள் பானுப்பிரியா, மதுமதி பக்கத்தில் இருக்கும்போதே. "யாருக்காகக் காத்துக்கிட்டு நின்னியோ என்னவோ?"

"பேச்சைப் பாரு" என்று ராமலட்சுமி சிரித்தாள். "நடங்க நடங்க, வெயில் ஏறுது."

ஓடையைத் தாண்டினால் புல்மேடு. மரமில்லாத சரிவு. ஈரக்காற்று நேராக முகத்தில் அடித்தது. உச்சியில் கல்கோபுரம் முழுசாகத் தெரிந்தது. எட்டித் தொட்டுவிடலாம் போல இருந்தது. அங்கேதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. வாய்க்குள் யாரோ மெல்லிய விசில் ஊதுகிற சத்தம். வெளியாளுக்குக் கேட்காது. மருதுபாண்டிக்குக் கேட்டது, பிள்ளை பிறந்ததிலிருந்து ராத்திரிகளில் கேட்டு எழுந்த காது அது.

மதுமதி நின்று திரும்பினாள். இந்தத் தடவை கண்ணைக் காட்டவில்லை. நேராக அவர் சட்டைப்பையைப் பார்த்தாள்.

எடுத்துக் கொடுத்துவிடலாம். கை எட்டும் தூரம்தான். ஆனால் கோபுரமும் எட்டும் தூரத்தில்தானே நிற்கிறது? இவ்வளவு ஏறிவிட்டாள், இன்னும் ஒரு சாண் ஏறிவிட்டால் காரியம் முடிந்தது. அப்புறம் கீழே இறங்குவதில் என்ன இருக்கிறது? அவருக்குள் சந்தைக்காரன் கணக்குப் போட்டான். சந்தைக்கு ஓட்டிப் போன மாட்டைத் திருப்பி ஓட்டிவருகிற அவமானத்தை மூன்றாவது தடவையும் படுவதா?

காளிதாஸ் முன்னாலிருந்து இறங்கி வந்தான். மதுமதியின் கையிலிருந்த கேனை அவனாகவே வாங்கிக்கொண்டான். "மாமா, செத்த நேரம் உக்காருவோம். அவுகளுக்கு ரொம்ப மூச்சு வாங்குது."

ராமலட்சுமி மருதுபாண்டியின் முகத்தைப் பார்த்தாள்.

"எதுக்கு மாப்ள?" என்றார் மருதுபாண்டி. குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டது. "எங்க ஊர்க் கண்மாய்க்கரையை ஒரு சுத்துச் சுத்தி வந்துட்டுப் பள்ளிக்கூடம் போறவ அவ. உக்கார்ந்தா காலு கட்டிக்கிரும். நட தாயி, இந்தா அம்புட்டுத்தான்."

மதுமதி அவரையே பார்த்தாள். அதற்கப்புறம் கோபுரம் வரைக்கும் திரும்பவே இல்லை. ஒரு கையை முழங்காலில் ஊன்றி, அந்தக் காலைத் தூக்கி வைத்து, மறு கையை மறு முழங்காலில் ஊன்றி, அப்படி ஏறினாள்.

"எம்மா, இங்க பாரு, ஆமை நடக்குற மாதிரி!" பானுப்பிரியா சத்தம் போட்டுச் சிரித்துவிட்டு, தானும் குனிந்து அப்படியே நடந்து காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை என்றதும் விட்டுவிட்டாள்.

கோபுரத்துக்குள் இருட்டு. வௌவால் நாற்றம். சுவரோடு சுவராகக் கல்படிகள் சுற்றிக்கொண்டு மேலே போயின.

"இம்புட்டுத் தூரம் வந்துட்டு மேல ஏறாமப் போறதா?" என்றாள் ராமலட்சுமி. "ஏறு ஆத்தா."

"அம்மா, போதும்மா" என்றான் காளிதாஸ்.

"நீ சும்மா இரு. மாமா ஒண்ணும் சொல்லலையே."

மாமா ஒன்றும் சொல்லவில்லை.

மேல்தளத்தில் கூரை இல்லை. இடுப்பளவுச் சுவர், நாலு பக்கமும் வெட்டவெளி. மலை மலையாகப் போய் எங்கேயோ முடிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. மதுமதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்வாங்கியது. உதடு வெளுத்து, பிறகு நாவற்பழம் கடித்த மாதிரி ஆயிற்று. இப்போது விசில் எல்லோருக்கும் கேட்டது.

"மாமா, இது களைப்பு இல்ல மாமா" என்று காளிதாஸ் பதறினான். "காட்டுத்தீ அணைக்கப் போறப்ப ஆளுகளுக்கு இப்பிடி வந்து பார்த்திருக்கேன். இவுகளுக்கு ஏதாச்சும் இருக்கா? சொல்லுங்க."

"ஒண்ணும் கெடையாது மாப்ள. குளுருக்குப் பழக்கமில்ல, அதுதான். வெத்தலை போட்டா சூடாயிரும்."

மருதுபாண்டி சட்டைப்பைக்குள் கையை விட்டார். விரல்கள் பம்பின் மேல் பட்டன. அதன் வழவழப்பு, மூடியின் விளிம்பு எல்லாம் தெரிந்தன. விரல்கள் அதைத் தாண்டி வந்து பொட்டலத்தைப் பிடித்தன. வெற்றிலை ஒன்றை உருவி, நரம்பு கிள்ளி, மகளிடம் நீட்டினார்.

மதுமதி அந்த வெற்றிலையைப் பார்த்தாள். பேச அவளிடம் மூச்சு இல்லை. சுவரை விட்டுவிட்டு இரண்டு எட்டு வைத்து வந்து, எல்லோருக்கும் முன்னால் அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டாள். அவர் தன்னையறியாமல் பையைப் பொத்திக்கொண்டார். அவள் இழுத்தாள். பை தையலோடு கிழிந்தது. வெற்றிலை சிதறியது, பம்பு கல்தளத்தில் விழுந்து உருண்டது. அவளே குனிந்து எடுத்தாள். மூடியைக் கழற்றி, குலுக்கி, வாயில் வைத்து இழுத்தாள். பிறகு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

மருதுபாண்டி கிழிந்த பையைக் கையால் மூடிக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தடவை இழு ஆத்தா" என்றாள் ராமலட்சுமி, சாவகாசமாக. "ஒண்ணு பத்தாதுல்ல?"

மருதுபாண்டி நிமிர்ந்தார்.

"தெரியும்ணே. ஒங்க வீட்டுக்கு ரெண்டாவதா வந்தாகளே, அவுக எங்க கொழுந்தனாரு சம்பந்தம். பொண்ணுக்கு இழுப்புன்னு அன்னைக்கே சொல்லிட்டாக. எம்புட்டு இழுப்பு, ஏறி எறங்க ஆகுமா, தம்பி கூடக் குடுத்தனம் பண்ண முடியுமான்னு பார்க்கத்தான் கூட்டியாந்தேன். தெரிஞ்சு கட்டுறது வேற, தெரியாமக் கட்டுறது வேறல்ல?" அவள் சிதறிய வெற்றிலைகளில் ஒன்றை எடுத்துச் சேலையில் துடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். "ஓடையில வெறும் எச்சியைத் துப்புனீகளே, அப்பவே மருந்து ஒங்ககிட்டன்னு தெரிஞ்சுபோச்சு. அப்ப இருந்து ஒங்க பையைத்தான் பார்த்துக்கிட்டு வாரேன். இப்ப எடுப்பாரு, இப்ப எடுப்பாருன்னு. பலே ஆளுண்ணே நீங்க. கடைசி வரைக்கும் எடுக்கலையே!"

"அம்மா!" காளிதாஸின் முகம் இறுகியிருந்தது. "ஒனக்கு முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா கேனைத் தூக்க வச்சே?"

"ஒனக்காகத்தாண்டா. நாளைக்கு நீயா நானா சீரழியுறது?" அவள் மருதுபாண்டி பக்கம் திரும்பினாள். "பாதியில உக்கார்ந்துருவான்னு நெனச்சேன். ஏறிட்டா. வைராக்கியக்காரி. எங்களுக்குச் சம்மதம்ணே. நாள் பார்த்துருவோம்."

மருதுபாண்டிக்கு அந்த நேரத்தில் வந்திருக்க வேண்டியது கோபம். வந்தது வேறு. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. கண் கலங்கிவிட்டது. கிழிந்த பையை மறந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "நல்லாருக்கணும் தங்கச்சி" என்றார்.

கும்பிட்ட கைக்கு அந்தப் பக்கம், சுவரோரம் உட்கார்ந்திருந்த மதுமதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு ஒருவாறு அடங்கியிருந்தது.

இறங்கும்போது காளிதாஸ் அவளோடு கூடவே நடந்தான். அவள் நின்ற இடத்திலெல்லாம் நின்றான். மருதுபாண்டி சற்றுப் பின்னால் வந்தார். அவரை இப்போது யாரும் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

"ஒங்களுக்கு இஷ்டமில்லைன்னா சொல்லிருங்க" என்றான் காளிதாஸ். "நானே வேணாம்னுட்டேன்னு வீட்டுல சொல்லிக்கிறேன். ஒங்க மேல பழி வராது."

மதுமதி பம்பைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "அந்தப் புல்மேட்டுல உக்காருவோம்னு சொன்னீகள்ல? அம்மா சொல்லச் சொல்லிச் சொன்னீகளா?"

"இல்லங்க. மூச்சு வாங்குறது கேட்டுச்சு. சொன்னேன். அம்புட்டுதான்."

"சரி" என்றாள் அவள்.

வேன் பக்கத்தில் எல்லோரும் கை கால் கழுவினார்கள். மருதுபாண்டி மகளிடம் போனார். "எல்லாம் நல்லதுக்குத்தான் தாயி. முடிஞ்சுபோச்சு பார்த்தியா" என்று அவள் தலையைத் தொடப் போனார். அவள் தலையை ஒதுக்கிக்கொண்டு ராமலட்சுமியைக் கூப்பிட்டாள்.

"அத்தை, எனக்கும் சம்மதம். ஒண்ணே ஒண்ணுதான்."

"என்ன ஆத்தா?"

"மணவறையில என் கையைப் பிடிச்சுக் குடுக்குறது எங்க தாய்மாமா. முத்தழகு மாமான்னு, பெரியபட்டினம் பக்கம் இருக்காக. அய்யா பந்தியில உக்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

பானுப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். ராமலட்சுமிகூடக் கொஞ்சம் திகைத்துப்போனாள். "பெத்த தகப்பன் உசுரோட இருக்கும்போதா? ஊரு என்ன பேசும்?"

"கேட்டா, அய்யாவுக்கு உடம்புக்கு முடியலைன்னு சொல்லிருவோம். எங்க வீட்டுல இருக்குற நோவை மறைச்சோம், இல்லாத நோவைச் சொல்ல முடியாதா?"

"என்ன பேச்சுப் பேசுற மது?" என்றார் மருதுபாண்டி. "இவுகளும்தானே தெரிஞ்சுக்கிட்டே நடக்க வச்சாக? இவுக வீட்டுக்குப் போறே. எனக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?"

"அவுக எனக்கு யாரோ, அய்யா" என்றாள் மதுமதி.

ராமலட்சுமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தோளைக் குலுக்கினாள். "எங்களுக்கு என்ன வந்துச்சு? மணவறையில யாரு நின்னா என்ன, பொண்ணு வந்தாச் சரி. அண்ணன் என்ன சொல்றீக? ஒத்துக்கிறீகளா, இல்ல இதோட விட்டுருவோமா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மாட்டேன் என்றால் இந்த இடமும் போய்விடும். டீக்கடை ஞாபகத்துக்கு வந்தது. மகள் முகத்தில் ஏதாவது இரக்கம் இருக்கிறதா என்று தேடினார். அவள் வேன் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"சரி" என்றார்.

வேன் கிளம்பியது. ராமலட்சுமி கல்யாணத்துக்கு எந்த மண்டபம், எந்தச் சமையல்காரர் என்று பானுப்பிரியாவோடு பேச ஆரம்பித்துவிட்டாள். மருதுபாண்டி கடைசி இருக்கையில் தனியாக உட்கார்ந்தார். அருப்புக்கோட்டை தாண்டும்போது போன் அடித்தது. முருகலட்சுமி.

"என்னங்க ஆச்சு?"

"முடிஞ்சுபோச்சு. அவுகளுக்குச் சம்மதம்."

"அம்மா காளியாத்தா!" அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கேட்டாள். "மலையில பிள்ளைக்கு இழுப்பு வந்துச்சா? நேரத்துக்குக் குடுத்தீகளா?"

மருதுபாண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கருவேலங்காடு ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க? அவகிட்டக் குடுங்க, ஒரு வார்த்தை பேசிக்கிறேன்."

"அவ ஒறங்குறா" என்றார்.

முன் இருக்கையில் மதுமதி தலையைத் திருப்பி, இமைக்காமல் அவரைப் பார்த்தாள்.